அரை ஸ்பூன் உப்பு

என் சமையலைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. போன வாரம் பக்கத்துப் போர்ஷன்காரர் படிக்கட்டில் நிறுத்தி, "உங்க வீட்டுல கொழம்பு கொதிச்சா எங்க வீட்டுல ரெண்டு பிடி சோறு ஜாஸ்தி எறங்கும் சார். இப்பல்லாம் வாசனையே காணோமே" என்றார். பாவம், ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்திருக்கிறார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மனைவி போய் ஏழு மாதம் ஆகிறது. ஒற்றை ஆளுக்கு என்ன பெரிய சமையல் என்று விட்டுவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அது காரணமல்ல. கையில் ஒன்றும் இல்லாத வீட்டில் நாக்குக்கு ருசியாக ஆக்கிப்போடத் தெரிந்தவன் என்று எனக்குப் பெரிய நினைப்பு இருந்தது. அந்த ருசியை எதிலிருந்து எடுத்தேன், அது யார் உடம்பில் போய் இறங்கியது என்று தெரிந்த பிறகு அடுப்பு முன்னால் நிற்கவே கூசுகிறது.

சமையலை நான் கற்றது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில். இருபத்திரண்டு வயதில் அங்கே ஒரு டைப்பிங் சென்டரில் சேர்ந்தேன். ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் வேலை. லாட்ஜ் அறையில் மூன்று பேர் இருந்தோம். மெஸ்ஸில் மூன்று வேளையும் சாப்பிட்டால் சம்பளம் இருபதாம் தேதியைத் தாண்டாது என்பதால் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினோம். மற்ற இருவருக்கும் வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. நான் சமைத்தேன், அவர்கள் பாத்திரம் கழுவினார்கள். சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சு அப்போது கைக்கு வந்ததுதான். மார்க்கெட் முடிகிற நேரத்தில் போனால் சுருங்கிப்போன கத்தரிக்காயைக் கூறு போட்டுக் கிட்டத்தட்ட சும்மாவே கொடுப்பார்கள். அதைச் சுட்டுப் பிசைந்து, புளி கரைத்து, மிளகாயும் மல்லியும் வறுத்துப் பொடித்துப் போட்டு, உப்பைக் கொஞ்சம் தூக்கலாக வைத்தால் அது எந்தக் கத்தரிக்காய் என்று ஒருவனும் கேட்கமாட்டான். எண்ணெய்க்குக் காசு வேண்டும், தேங்காய்க்குக் காசு வேண்டும். ஒரு பாக்கெட் உப்பு மட்டும் மாதக்கணக்கில் வரும். இதை என் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு கடலூருக்கு வந்தோம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்துக்குள் மாடிப் போர்ஷன். தீசிஸை மாணவர்களே அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டதால் என் தொழில் படுத்துவிட்டது. ஒரு ஜெராக்ஸ் கடையில் பகல் இரண்டு மணியிலிருந்து இரவு எட்டு வரை எனக்கு வேலை. அவள் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். நிற்பது என்றால் நிற்பதுதான், அங்கே நாற்காலி கஸ்டமருக்கு மட்டும். காலையில் நான் வீட்டில் இருப்பவன் என்பதால் சமையல் என்னுடையதாயிற்று. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதற்கான துக்கத்தை எல்லாம் முன்பே பட்டு முடித்திருந்தோம்.

அவளுடைய சாப்பாட்டு டப்பாதான் என் அரங்கேற்றம். துணிக்கடையில் மதியம் இருபது நிமிடம் விடுவார்கள். மேல்மாடி ஸ்டாக் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். அவரவர் டப்பாவை அவரவர் சாப்பிடுவது அங்கே வழக்கமில்லை. மூடியில் கொஞ்சம் எடுத்து வைத்துச் சுற்றுக்கு விட வேண்டும். என் மூடி திரும்பி வரும்போது துடைத்து வைத்தது போல இருக்குமாம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தச் செய்தியைச் சொல்வாள்.

"இன்னைக்கு சென்னாக்குன்னி பொடி எனக்கே கெடைக்கல மாமா. எல்லாம் வழிச்சிக்கிச்சிங்க. உன் ஊட்டுக்காரர எனக்குக் குடுத்துடுன்னு பில்லு போடுற அக்கா கேக்குறாங்க."

நான் சிரிக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு, மறுநாளைக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாக வறுப்பேன். சென்னாக்குன்னி என்றால் பொடி இறால் கருவாடு, விரல் நகத்தைவிடச் சின்னது. கிள்ளையிலிருந்து கூடையில் கொண்டு வருகிற அம்மாவிடம் ஒரு படி வாங்கினால் பதினைந்து நாளைக்கு ஓடும். வெறும் சட்டியில் வறுத்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் சேர்த்து இடித்தால் ரேஷன் அரிசிச் சோறு தொண்டையில் நிற்காது. ரேஷன் அரிசிக்கும் ஒரு வாடை உண்டு. கல் உப்பு போட்டுப் பிசைந்து கழுவி, உலையிலும் ஒரு கை போட்டால் அந்த வாடை போகும். நெத்திலிக் கருவாட்டை மற்றவர்கள் வெந்நீரில் மூன்று தரம் அலசுவார்கள். நான் ஒரு தரம்தான். காசு கொடுத்து வாங்கின உப்பை எதற்குச் சாக்கடையில் விட வேண்டும் என்பது என் வாதம். அதன்மேல் குழம்புக்குத் தனியாக உப்பு. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். காய் வாங்க முடியாத நாளில் நார்த்தங்காய் ஊறுகாயே காய். மாதக் கடைசியில்தான் என் சாப்பாடு மிகவும் ருசியாக இருக்கும் என்று அவள் கேலி செய்வாள். இப்போது யோசித்தால் அதில் கேலி ஒன்றும் இல்லை, அப்படியே உண்மை.

தண்ணீர் விஷயம் எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கடையில் பெண்களுக்கான கழிவறை கீழே பின்கட்டில் இருந்தது. போய்வர ஐந்து நிமிடம் ஆனால் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்பாராம். அதனால் அவர்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் அரை டம்ளர், சாப்பாட்டோடு இரண்டு மிடறு. என் கைமணத்தை உள்ளே தள்ளிவிட்டு நாவறண்டு ஒன்பது மணி வரை நிற்பாள். கால் வீங்கி வந்தது. நிற்கிற வேலை, வீங்காமல் என்ன செய்யும் என்றோம். வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைத்தேன். அதற்கும் உப்புதான்.

பிறகு தலைசுற்றல் வந்தது. ஒருநாள் சேலை மடிக்கும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள் என்று கூட வேலை பார்ப்பவள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டாள். இந்த இடத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. தலை சுற்றினால் லோ பிரஷர் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஒருத்தரும் அளந்து பார்க்கமாட்டோம். உப்புப் போட்டு எலுமிச்சம்பழ ஜூஸ் கொடு, சரியாகிவிடும் என்று வீட்டு ஓனர் அம்மாள் சொன்னாள், மருந்துக்கடைக்காரர் சொன்னார், எனக்கே தெரியும். அன்றிலிருந்து தினமும் அவள் வேலை முடிந்து வந்ததும் ஒரு டம்ளர் கலந்து கையில் கொடுத்தேன். கரிக்கிறது என்று முகம் சுளிப்பாள். மருந்து என்று நினைத்துக் குடி என்பேன். ஏறக்குறைய ஒரு வருடம் நின்று பார்த்துக் குடிக்க வைத்திருக்கிறேன்.

பிரஷர் லோ இல்லை. மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அளந்து பார்த்த நர்ஸ், மெஷின் சரியில்லையோ என்று வேறொன்று எடுத்துவந்து மறுபடி அளந்தாள். இருநூற்றுக்கு மேலே இருந்தது. இரண்டு நாளில் ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து, இரண்டு கிட்னியும் போய்விட்டது, பல நாளாகவே ஹை பிரஷர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். "தலை சுத்துதுன்னு யார்கிட்டயும் காட்டலையா" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "காட்டினோம் சார்" என்று அவள் எனக்காகப் பொய் சொன்னாள்.

வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆயிற்று. சிதம்பரத்தில்தான் எங்களுக்கு நேரம் கிடைத்தது, காப்பீட்டு அட்டையில் காசில்லாமல். துணிக்கடை வேலை போய்விட்டது. சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒரு டயட்டீஷியன் அம்மா எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து ஒரு தாளைப் படித்தார். கருவாடு கூடாது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் கூடாது. முருங்கைக்கீரை கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். தினமும் முட்டை வெள்ளைக்கரு வேண்டும். காசில்லாத வீட்டு அடுப்படியில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் கூடாது என்று அந்தத் தாளில் அடித்திருந்தது. கடைசியாக, "உப்பு ஒரு நாளைக்கு அரை ஸ்பூன், டீ ஸ்பூன். அதுக்கு மேல போகக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உப்பு ஜாடியைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தேன். அரை ஸ்பூன் என்ன, அரைக் கல்லும் இந்த வீட்டில் கிடையாது என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் பேசவிடவில்லை.

அதற்குப் பிறகு நான் சமைத்தது எல்லாம் ஒரு வெறியில் சமைத்தது. வெங்காயத்தைச் சிவக்கச் சிவக்க வதக்கினால் ஒரு இனிப்பு வரும், அதன்மேல் மிளகு. சீரகத்தைக் கருகுகிற பதத்துக்கு முன்னால் இறக்கிப் பொடித்தால் நாக்கில் ஒரு சுருக்கு. முட்டை வெள்ளையைப் பூண்டோடு பொரித்தேன். உப்பில்லாமல் ருசி வரவழைத்துவிட்டால் செய்த பாவத்துக்குக் கணக்கு நேராகிவிடும் என்பது போல ஒரு நினைப்பு. நானும் அதையேதான் சாப்பிட்டேன், எனக்கென்று தனியாக உப்புப் போட்டுக்கொள்ளவில்லை. சோறு வாயில் சுண்ணாம்பு மாதிரி உருளும். அந்தக் கஷ்டத்தை நான் விரும்பினேன் என்றே சொல்ல வேண்டும். எதிரில் அவள் மெதுவாக மென்று விழுங்கி, "நல்லாருக்கு மாமா" என்பாள். ஜெராக்ஸ் கடையில் போய், ஒரு கல் உப்பில்லாமல் என் மனைவி தட்டைக் காலி செய்கிறாள் என்று பீற்றிக்கொண்டேன். திமிர் போகவில்லை, வேறு பாத்திரத்துக்கு மாறியிருந்தது.

ஆனால் உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. டயாலிசிஸ் டெக்னீஷியன் எடை மெஷினைப் பார்த்துவிட்டு, "மூணே நாள்ல நாலு கிலோ ஏறியிருக்கு. ஊட்டுல என்னா ஆக்கிப் போடுறீங்க" என்று என்னைக் கேட்டார். "எங்க ஊட்டுல உப்பு டப்பாவே கெடையாது தம்பி" என்று சத்தம் போட்டேன். அவர் நம்பவில்லை. அவள் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் காரணம் எனக்குத் தெரியவந்தது ரயிலில். காலைப் பாசஞ்சரில் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தோம். துறைமுகம் ஜங்ஷனில் கருவாட்டுக் கூடைகள் ஏறியிருந்தன. அவள் ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். புதுச்சத்திரம் தாண்டும்போது வாந்தி வருவது போல இருக்கிறது, பையில் மாத்திரை எடுங்கள் என்றாள். மாத்திரை அட்டைக்குக் கீழே ஒரு தைல டப்பா இருந்தது. தைலம் தடவலாம் என்று திறந்தேன். உள்ளே கல் உப்பு. பாதிக்கு மேல் காலியாகியிருந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "இதத் தின்னுட்டுத்தான் படுத்துக்கிட்டு மூச்சு வாங்குறியா" என்று கத்தினேன். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடைக்கார அம்மா ஒருத்தி, "நோவுக்காரப் பொண்ண ஏன்யா வையுற" என்றாள். பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றதும் டப்பாவை ஜன்னல் வழியே எறிந்தேன். அவள் அழவில்லை. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அரை ஸ்பூன் போடலாம்னுதான அந்த அம்மா சொன்னாங்க. நானும் அங்கதான் ஒக்காந்திருந்தேன் மாமா. நீங்க ஒங்க மனசு ஆறணும்னு ஒண்ணுமே போடாம ஆக்குனீங்க. எனக்குப் பசிக்காதா?"

மாத்திரையைப் பிரித்து அவள் கையில் வைத்தேன்.

"மொதல்ல ஒரு கல்லுதான் வெச்சிக்கிட்டேன். அப்பறம் அது பத்தல. ஒங்ககிட்ட கேட்டா ஒடைஞ்சி போயிடுவீங்க. நல்லாருக்குன்னு சொன்னாதான் நீங்க சாப்புடுறீங்க. வேற என்னா பண்ணச் சொல்றீங்க?"

கிள்ளை வந்தது, சிதம்பரம் வந்தது. அவள் கையைப் பிடித்து இறக்கினேன். நான் செய்ததை நினைத்து நினைத்து நொந்துகொண்டிருந்தேனே தவிர, எதிரில் ஒருத்தி சாப்பிடுகிறாளா, அவளுக்கு இறங்குகிறதா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. முதலில் அவளுக்கு உப்பைப் புகட்டினேன். பிறகு என் குற்ற உணர்ச்சியைத் தட்டில் வைத்துப் பரிமாறினேன். அரை ஸ்பூன் போட்டிருந்தால் அவள் டப்பாவைத் தேடியிருக்கமாட்டாள். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலையே உப்பு வாங்கினேன். தினமும் காலையில் அரை ஸ்பூன் அளந்து ஒரு கிண்ணத்தில் போட்டு, அன்றைய சமையல் முழுக்க அதிலிருந்து மட்டும் எடுத்தேன். சோற்றுக்குக் கிடையாது, பொரியலுக்குக் கிடையாது. அத்தனை உப்பையும் ஒரே பதார்த்தத்தில் போட்டால் அதுவாவது உணவாக இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். ஒரு நாள் கொத்சு, ஒரு நாள் ரசம், ஒரு நாள் பீர்க்கங்காய்க் கூட்டு. நோய் வந்த பிறகு முதல் தடவையாக, நான் கூப்பிடாமலே அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள். தண்ணீரும் குறைந்தது. டெக்னீஷியன் எடையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அவரிடமிருந்து அதுவே பாராட்டு. அப்படி மூன்று வாரம் போயிற்று. என் கல்யாண வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் சமைத்தது அந்த மூன்று வாரம்தான்.

பிறகு காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி, இதயமும் களைத்துவிட்டது என்றார்கள். சிதம்பரத்திலேயே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. இப்படியே சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தாங்காது, எதையாவது பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். ஒரு இண்டக்ஷன் ஸ்டவ், இரண்டு பாத்திரம். காலையில் சமைத்து டப்பாவில் போட்டுக்கொண்டு வார்டுக்கு நடப்பேன்.

சேர்த்த மறுநாள் கொத்சு செய்தேன். நல்ல கத்தரிக்காயாகப் பார்த்து வாங்கினேன், சுருங்கினதை அல்ல. கடையில் உப்புப் போடாத இட்லி மாவாகக் கேட்டு வாங்கி நாலு இட்லி ஊற்றினேன். அன்றைய அரை ஸ்பூன் முழுவதையும் கொத்சிலேயே போட்டேன். ருசி பார்த்தபோது சரியாக இருந்தது. வார்டில் அவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, இட்லியைப் பிட்டுத் தோய்த்து ஊட்டினேன். மெதுவாக மென்றாள். இரண்டாவது வாய்க்கு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு மறந்துட்டீங்களா மாமா?"

டப்பாவிலிருந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இருந்தது. நன்றாகவே இருந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு ட்ரிப் மாற்ற வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, இந்த நோய் முற்றினால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது சார் என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். மனைவிக்கு அது கேட்கவில்லை. என் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. மறந்துட்டேன்" என்றேன்.

"பரவால்ல. நாளைக்குப் போட்டு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி வாயைத் திறந்தாள்.

அதன்பிறகு பதினோரு நாள் அவளுக்குச் சமைத்துக் கொண்டுபோனேன். பதினோரு நாளும் அவள் அதையே கேட்டாள். பதினோரு நாளும் மறந்துவிட்டேன் என்றே சொன்னேன்.